எழுத்தாளனும் இலக்கும்

புத்தளத்திலிருந்து பாலாவி வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் சாலையில் நுரைச்சோலை என்னும் ஊர் இருக்கிறது. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளக் களப்பு, இடையே ஒடுங்கிக் கிடப்பது மணல் நிலம். அம்மணலிலேயே கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கின்றனர் உழவர். இக்காலத்தில் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியே அவ்வூருக்கு அடையாளமாகிவிட்டது. இத்தகைய ஊரில் எழுத்தார்வம் கொண்ட இளைஞன் ஒருவன் இருப்பானாயின், அவன் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம் யாது? “கொழும்பு தொலைவு, யாழ்ப்பாணமும் தொலைவு, பதிப்பாளர் இல்லை, பெரிய நூலகம் இல்லை, இங்கிருந்து எழுதி யார் படிப்பார்?” என்பதே அது.

அவ்விளைஞனுக்குச் சொல்லத்தக்க விடை அதே சாலையின் முடிவில் இருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் கற்பிட்டியில், 1807ஆம் ஆண்டில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. அவர் முழுநேர எழுத்தாளர் அல்லர். அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் மணியகாரராகவும் முதலியாராகவும் கடமை புரிந்தவர். 1838 முதல் 1845 வரை சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர். பின்னர் சிலாபத்தில் நீதிபதியாக விளங்கியவர். வழக்கும் வரியும் மனுவும் நிறைந்த வாழ்வு அது. இவற்றினிடையே அவர் எழுதியதுதான் வியப்புக்குரியது.

1834ஆம் ஆண்டில், இருபத்தேழாவது வயதில், இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மக்கள், தொழில்கள் முதலியவற்றை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு பெருநூலை வெளியிட்டார். ‘சிலோன் கசற்றியர்’ என்பது அதன் பெயர். அவர் தேர்ந்துகொண்ட வடிவத்தைச் சற்றே நோக்குதல் வேண்டும். முழுத்தீவையும் பற்றி ஒரு நூல் என்றால் எவரும் மலைப்பர். ஓர் ஊரைப் பற்றி ஒரு குறிப்பு என்றாலோ, கச்சேரிப் பணி முடிந்த ஒரு மாலைப் பொழுது போதும். அத்தகைய குறிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்தால் நூலாகிவிடும். பணிச்சுமையுள்ள ஒருவருக்கு இதனினும் ஏற்ற வடிவம் கிடைப்பது அரிது.

இலக்கு என்பது இதுவே. “புகழ்பெற்ற எழுத்தாளனாவேன்” என்பது இலக்கன்று, அது விருப்பம். அதன் நிறைவேற்றம் பதிப்பாளர் கையிலும், படிப்பவர் கையிலும், சில வேளைகளில் காலத்தின் கையிலும் இருக்கிறது. “இவ்வாரத்தில் நான்கு பக்கம் எழுதுவேன்” என்பதோ எழுதுபவன் கைக்குள் அடங்கியது. ஆங்கில நாவலாசிரியர் அந்தனி திரொலப்பு தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கே மேசைமுன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கிட்டு எழுதியதாக அவர் தம் சுயசரிதையில் கூறியிருக்கிறார். அந்நூல் அவர் இறந்தபின் 1883இல் வெளிவந்தது. கலைஞன் கடிகாரம் பார்ப்பதா என்று முகஞ்சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் எத்தனை நாவல்களை எழுதி முடித்தார்கள் என்பது வேறு கதை!

இனி, நல்லெண்ணம் என்பதைப் பார்ப்போம். எல்லாம் இனிதே முடியும் என்று கண்மூடியிருப்பதை நல்லெண்ணம் என்று கொள்வோர் பலர். காசிச்செட்டியின் வாழ்வு வேறொன்றைக் காட்டுகிறது. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகள் முறையாக எழுதப்படாமல், செவிவழிக் கதைகளாகவும் தனிப்பாடல்களின் பின்னணிகளாகவும் சிதறிக் கிடந்த காலம் அது. ஒருவர் அதனைக் கண்டு, “ஆதாரம் இல்லை; ஆதலால் எழுத இயலாது” என்று விட்டுவிடலாம். மற்றொருவர், “இதுவரை எவரும் தொகுக்கவில்லை, ஆதலால் தொகுப்பது என் கடன்” என்று துணியலாம். காசிச்செட்டி இரண்டாமவர். கிரேக்க, உரோமப் பெருமக்களின் வரலாறுகளை எழுதிய புளூட்டார்க்கின் பெயரையே தலைப்பிற் கொண்டு, ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். ‘தமிழ் புளூட்டார்க்’ 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. முதல் நூலுக்கும் இதற்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள்! இங்கும் அதே முறைதான். ஒரு புலவருக்கு ஒரு குறிப்பு.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று கருதிவிடலாகாது. 1841இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. பத்திரிகை நின்றதனால் பேனா நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. தமிழர் வழக்கங்களையும் இலக்கியத்தையும் பற்றி அவர் எழுதிய மற்றொரு நூலோ, அவர் வாழ்நாளில் அச்சேறவேயில்லை.

ஒரு குறையையும் மறைத்தற்கில்லை. புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியமையால், அப்புலவர்களின் பாடல்களை நாள்தோறும் ஓதிய தமிழறிஞர் பலருக்கு அந்நூல் எட்டாக்கனியாயிற்று. யாருக்காக எழுதுகிறோம் என்று தீர்மானிப்பதும் இலக்கின் ஒரு பாகமே. அவர் ஆங்கிலம் கற்ற உலகத்துக்குத் தமிழின் செல்வத்தைக் காட்ட எண்ணினார் போலும். அதற்குரிய விலையையும் அந்நூல் கொடுத்தது.

நுரைச்சோலை இளைஞனுக்கு இன்று அச்சுக்கூடத்தைத் தேடி மாட்டுவண்டியிற் செல்ல வேண்டிய தேவை இல்லை. எழுதப்படாத பொருளுக்கும் அங்கே பஞ்சமில்லை. மணலிலே கிணறு தோண்டி வெங்காயம் பயிரிட்டோர், கரைவலை இழுத்தோர், 1990இல் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரையிலே குடியேறிய முஸ்லிம் குடும்பத்தினர், தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் அச்சாலையாற் செல்லும் யாத்திரிகர் ஆகிய ஒவ்வொருவரும் ஒரு மாலைப் பொழுதில் எழுதி முடிக்கத்தக்க ஒரு குறிப்பு அல்லவா? முதியவர் ஒருவரிடம் கேட்டு இரண்டு பக்கம். மறுவாரம் வேறொருவரிடம் கேட்டு இன்னும் இரண்டு பக்கம். ஓராண்டு முடிவில் நூறு பக்கங்கள் கையில் இருக்கும். கேளாது விட்டால், அம்முதியவர்களோடு அவையும் போய்விடும்.

காசிச்செட்டி 1860இல் காலமானார். தமிழ் புளூட்டார்க் வெளிவந்த மறு ஆண்டு அது. 1886இல் சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலைத் தமிழிலே வெளியிட்டபோது, காசிச்செட்டி இட்ட அடித்தளத்தின் மேல் இன்னும் பல புலவர்களைச் சேர்த்து விரித்து எழுதினார். அச்சேறாது கிடந்த அந்த மற்றொரு நூல் 1934இல் கொழும்பில் வெளிவந்தது. எழுதியவர் மறைந்து அப்போது எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.