திறந்த கருவிகளும் விழித்த கண்களும்

தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் எவ்வாறோ, அவ்வாறே மென்பொருள் எழுதுவோருக்கும் கருவிகள் உண்டு. எழுதிய நிரலைக் கணிப்பொறி அறியும் கட்டளைகளாக மாற்றுவது ஒன்று. பிழை இருக்கும் இடத்தைத் தேடித் தருவது ஒன்று. யார், எப்போது, எதை மாற்றினார் என்று கணக்கு வைப்பது மற்றொன்று. பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் இத்தொழிலால் வாழும் தமிழர் பலர். நாம் நாள்தோறும் கையாளும் இக்கருவிகளுள் பல, விலையின்றிக் கிடைப்பவை. அவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இவற்றைத் திறமூல மென்பொருள்கள் என்கிறோம். அனைவருக்கும் பொதுவான இப்பொருளுக்குக் காவல் யார் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

கருவி பிறர் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை முதலில் காண்போம். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகெங்கும் உள்ள நிரலர்கள் கூடி வளர்க்கும் மென்பொருள் ஆயிற்று. அவர்கள் அனுப்பும் திருத்தங்களைக் கணக்கு வைக்க, 2002 முதல் பிட்கீப்பர் என்னும் கருவி பயன்பட்டது. அது அப்போது ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருந்தது, திறமூலமாக இருக்கவில்லை. லினக்ஸ் நிரலர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டிருந்த அவ்வுரிமை, ஒரு பூசலின் விளைவாக 2005-இல் நின்றுபோயிற்று. பல நாட்டார் கூடிச் செய்யும் பெரும் பணி, ஏடின்றித் திகைத்து நின்றது.

அவ்வாண்டு ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் தாமே புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே அது தன் மூல நிரலின் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. அதுவே இன்று நிரலர் பெரும்பாலோர் அறிந்த கிட். அதன் அமைப்பு எளியது, ஆயினும் நுட்பமானது. பதியப்படும் ஒவ்வொரு நிலைக்கும், அதன் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்தைய பதிவையும் கொண்டு கணக்கிட்ட 40 எழுத்து எண் அடையாளம் ஒன்று அமைகிறது. பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் அடையாளமும் அதன்பின் வருவனவும் மாறிவிடும். மேலும், ஏட்டின் முழுப் படியும் பணிபுரிவோர் ஒவ்வொருவரிடமும் இருப்பது வழக்கம். ஆகவே, ஒருவர் கதவடைத்தாலும் மற்றவர் கையில் ஏடு இருக்கும்.

இத்தகைய ஏடு இருக்க, இனிக் கவலை எதற்கு என்று நாம் எண்ணலாம். 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று அதற்கு விடையாகும். கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் எக்ஸ்-இசட் என்னும் சிறு கருவி, லினக்ஸ் இயங்கும் கணிப்பொறிகள் பலவற்றில் உள்ளது. அதனைப் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். 2021-இல் உதவியாளர் ஒருவர் தோன்றி நல்ல திருத்தங்களை அனுப்பினார். பணி தாமதமாகிறது என்று வேறு சிலர் மூத்தவரைக் குறைகூறி எழுதினர். சுமை மிகுந்த நிலையில் பொறுப்பு மெல்ல மெல்ல உதவியாளர் கைக்கு மாறியது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில், பிறர் கணிப்பொறிக்குள் நுழைவதற்குரிய கள்ள வாயில் ஒன்று மறைந்திருந்தது. அதனை இயக்கிவைக்கும் வரிகள் பொது ஏட்டில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தன.

அதைக் கண்டவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் நிரலர். தரவுத்தள மென்பொருள் ஒன்றைச் சோதிக்கையில், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். பிறர் புறக்கணிக்கும் அந்த அரை நொடியை அவர் துருவி ஆராய்ந்தார். மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அவ்வேளையில் அப்பதிப்பு பெரும்பாலும் சோதனை வெளியீடுகளையே அடைந்திருந்தமையால் பெருங்கேடு தவிர்ந்தது.

கதவு திறந்திருப்பது மட்டுமே காவலாகாது. உள்ளே பார்ப்பதற்குக் கண்கள் வேண்டும். அதே வேளையில், மூல நிரல் மூடியிருந்தால் ஃபிராய்ண்டின் ஐயம் ஐயமாகவே நின்றிருக்கவும் கூடும். எனவே திறந்த தன்மையும் வேண்டும். பேணுவோருக்குத் துணையும் வேண்டும்.

அத்துணை யாது? பிழை கண்டால், அது தோன்றும் வகையைப் படிப்படியாக எழுதி அனுப்புவது ஒரு துணை. தெளிவற்ற விளக்கக் குறிப்பைத் திருத்தி எழுதுவது மற்றொன்று. பிறர் அனுப்பிய திருத்தத்தைப் பொறுமையோடு படித்துப் பார்ப்பது இவற்றினும் அரியது. ஊதியமின்றி உழைப்பவரை அவசரப்படுத்தாமல் இருப்பதும் உதவியே. இக்கருவிகளால் பொருளீட்டும் நிறுவனங்களில் நாம் பணிபுரிந்தால், அவற்றைப் பேணுவோருக்கு ஒரு பங்கு அளிக்குமாறு மேலாளரிடம் எடுத்துரைக்கலாம்.

நிரல் எழுத அறியாதோர்க்கும் இங்கே இடம் உண்டு. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் முதலியவற்றின் திரையில் தமிழ் தோன்றுவது தன்னார்வலர் பலர் சொல் சொல்லாக மொழிபெயர்த்ததன் பயன். கொல்கத்தாவிலோ அகமதாபாத்திலோ வாழும் தமிழ் அறிந்த ஒருவர், மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அப்பணியில் சேரலாம். ஊர் திரும்ப வேண்டியதில்லை. பொதுக் கிணற்றில் நீர் இறைப்போர் தூர்வாரவும் கடமைப்பட்டவர். அக்கடமையில் நம் பங்கு எது என்பதை, நாம் இன்று கையாண்ட கருவி ஒன்றை எண்ணித் தேர்ந்துகொள்வோமாக.