அளந்தாயிற்று, உறுதி எங்கே?

(ஹுன்னஸ்கிரியக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நில அளவையாளரின் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசியல் மேடையில் இஃதென்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். இம்மலைநாட்டில் அரசியலே அளவுச் சங்கிலியின் பின்னால்தான் வந்தது. காடும் தரிசும் முடிக்குரியவை, அல்ல என்பவனே நிரூபிக்க வேண்டும் என்றது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கண்டிச் சீமையில் சேனைப் பயிர் செய்த சிங்களக் குடியானவனிடம் சன்னஸ் என்னும் அரச பத்திரத்தைக் கேட்டார்கள். காட்ட இயலாதவர் பலர் காணியை இழந்தனர். அவ்வாறு அளந்து விற்ற மலைகளில் கோப்பி நடவே நம் மூதாதையர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கோ அளப்பதற்கு ஒரு சாண் மண்ணும் இருக்கவில்லை.

அன்றைய சங்கிலி நூறு வளையம் கொண்டது. நீளம் 66 அடி. இன்று முக்காலியில் ஏற்றிய டோட்டல் ஸ்டேஷன், எதிரே பிடித்த பிரிசத்துக்குக் கதிரை அனுப்பி, அது திரும்பி வருவதைக்கொண்டு தூரத்தை நொடியில் குறிக்கிறது. கோணத்தையும் தானே பதிகிறது. செய்மதிக் கருவி ஓரிரு சென்ரிமீற்றர் பிழையோடு இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் அடர்ந்த மரத்தின்கீழ் செய்மதி எட்டாது. மூடுபனி இறங்கினால் டோட்டல் ஸ்டேஷனுக்குக் கண் தெரியாது. ஹுன்னஸ்கிரியவில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே, அளவையாளர் பனி விலகக் காத்து நிற்பதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள்.

இன்னொன்று. சரிவின்மேல் நாடாவை விரித்து 66 அடி என்பீர்கள். அவர் 57 அடி என்பார். அது பொய்யன்று. காணி கிடைமட்டமாகவே கணிக்கப்படும். முப்பது பாகைச் சரிவில் கணக்கு அப்படித்தான் வரும். இதையறியாத அண்ணன் தம்பி இருவரின் சண்டை என்னிடம் வழக்காக வந்தது. செலவு காணியின் விலையை நெருங்கிய பிறகே சமாதானமாயினர். என் கட்டணமும் அச்செலவில் அடக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தோழர்களே, நமது குறை கருவியில் இல்லை, கடதாசியில் இருக்கிறது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. 2015க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்றார்கள். அதாவது ஏறக்குறைய 1,906 சதுர அடி. கல் நட்டு, படம் வரைந்தால் அது உரிமையாகிவிடுமா? ஆகாது! காணி எங்கே, எவ்வளவு என்பதைப் படம் சொல்லும். எவருடையது என்பதைச் சொல்லாது. தனியாரிடம் வாங்கினால் நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும். அரசு தருவதாயின் முறையாக ஒப்பமிட்ட அளிப்புப் பத்திரம் வேண்டும். வெறும் படத்தைக் காட்டி வங்கியில் கடன் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

கிராமத்தில் காணியுள்ள விவசாயிகளுக்கும் ஒரு சொல். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்படி 2007இல் பிம் சவிய தொடங்கிற்று. அதில் அளவை முடிந்ததும், உரிமை கோருமாறு வர்த்தமானியில் அறிவித்தல் வரும். அத்தவணையைத் தவறவிடாதீர்கள்.

அளந்த துண்டின் இலக்கத்தையும் பரப்பையும் தமிழில் எழுதித் தர வேண்டும்; பத்திரம் கணவன் மனைவி இருவர் பேரிலும் வர வேண்டும். இவ்விரண்டையும் நாம் விடாது கேட்போம். தியத்தலாவையில் நில அளவைப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கணிதத்தில் தேறிய நம் பிள்ளைகள் அங்கே போகட்டும்.

வீட்டிலுள்ள படம், கடிதம், பற்றுச்சீட்டு எதையும் வீசிவிடாமல் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்தபின் இம்மேசையிலேயே இருப்பேன். இன்றைக்குக் கட்டணம் இல்லை.