கரும்புத் தோட்டத்துத் தாயின் மகன்
(தோட்ட இளைஞர் உதைபந்தாட்டப் பரிசளிப்பில் ஆற்றிய உரை)



கோல் அடிக்கிறவருக்குத்தான் எல்லாரும் கைதட்டுவோம். பின்னால் நின்று மறிக்கிறவரைக் கவனிக்க மாட்டோம். அப்படி ஒரு பின்கள வீரரைப் பற்றி நாங்கள் சொல்கிறோம். பெயர் லிலியன் துராம்.

1972இல் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவில் பிறந்தார். தாயார் தனியாளாக ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். கரும்புத் தோட்டத்தில் வேலை, பிறகு வீடுகளில் துப்புரவு வேலை. ஒன்பது வயதில் துராம் தாயாரிடம் பிரான்சுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவர் முடங்கிப் போகவில்லை.

1998 உலகக் கிண்ண அரையிறுதி. துராம் பின்தங்கி நின்றதால் குரோஷியாவுக்கு ஒரு கோல் விழுந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்தாரா? இல்லை. அடுத்த நிமிடமே ஒரு கோல், பிறகு இன்னொன்று! பிரான்ஸ் 2-1 என வென்றது, கிண்ணத்தையும் எடுத்தது. நாட்டுக்காக ஆடிய 142 ஆட்டங்களில் அவர் அடித்தது அந்த இரண்டு கோல்தான்.

2008இல் வைத்திய பரிசோதனையில் இருதயக் கோளாறு தெரியவந்தது. விளையாட்டை விட்டார். அதே வருடம், நிறவெறி கூடாதென்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒரு நிறுவனம் தொடங்கினார்.

தம்பிமாரே, ஓடும்போது நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால் மறைக்காதீங்க. உடனே வைத்தியரிடம் காட்டுங்க. லயத்துப் பிள்ளை என்று யாரும் கேலி செய்தால் தலை குனியாதீங்க.

தாய்மாரே, பந்து விளையாடுகிற பிள்ளையை ஏசாதீங்க. பள்ளிக்கூடத்தையும் நிறுத்தாதீங்க. இரண்டும் வேண்டும்.