தாய்மொழி இலக்கணமும் அரபுக் கட்டுரையும்

களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளியில் தமிழும் சிங்களமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. அங்கு வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் மாணவர், ஓதுவதற்காக மட்டுமன்றிப் பரீட்சைப் பாடமாகவும் அரபு மொழியைப் பயில்வதுண்டு. குர்ஆனைத் திருத்தமாக ஓதும் மாணவனும் அரபில் ஒரு கட்டுரை வரையப் புகுந்தால் இடறுகிறான். 'கவனமற்றவன்' என்று அவனைக் கடிந்துகொள்வோர் உளர். அவ்வாறு பழிக்கப்படும் பிள்ளை அம்மொழியையே வெறுத்துவிடுதல் கூடும். ஆயின் அவன் பிழைகளிற் பல கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல. அவன் உள்ளத்தில் ஊறிய தமிழ் இலக்கணத்தால் நேர்ந்தவை.

நேயர்களே, 'பெரிய வீடு' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். தமிழில் அடைமொழி முன்னே நிற்கும். அரபிலோ வீடு முந்தும். 'பைத் கபீர்' என்பதே முறை. தமிழ் மாணவன் 'கபீர் பைத்' என்று மாற்றி எழுதிவிடுகிறான். அரபில் 'தார்' என்பதும் வீடே. ஆனால் 'பைத்' ஆண்பால், 'தார்' பெண்பால்; ஆதலால் 'தார் கபீரா' என அடைமொழியும் மாறவேண்டும். வீட்டை அஃறிணையாகவே கண்டு பழகிய பிள்ளைக்கு இது புதுமை.

இந்தோனேசிய மாணவன் தன் மொழியில் 'ரூமா பெசார்' என்று வீட்டையே முன்வைப்பவன். ஆகவே சொல்வரிசையில் அவனுக்கு இடர் இல்லை. எனினும் அவன் மொழியிலும் பொருள்களுக்குப் பால் வேறுபாடு இன்மையால், 'தார்' என்னுமிடத்தில் அவனும் தடுமாறுதல் இயல்பு. தாய்மொழி எதுவோ, அதற்கேற்பவே பிழையும் அமைகின்றது.

1957ஆம் ஆண்டில் ரொபர்ட் லாடோ என்னும் அமெரிக்க அறிஞர், இரு மொழிகளையும் ஒப்பிட்டு நோக்கினால் இடர்ப்பாடுகளை முன்னரே உணரலாம் என்றார். 1967இல் பிட் கோடர், மாணவன் எவ்வாறு கற்கிறான் என்பதைப் பிழைகளே ஆசிரியருக்குக் காட்டும் என்று விளக்கினார்.

தாய்மொழி இடறச் செய்வதோடு நில்லாது கைகொடுக்கவும் செய்யும். அரபில் 'வீடுகள்' என்னும் பன்மை பெண்பால் ஒருமையைப் போல நடத்தப்படும். 'புயூத் கபீரா' என்பர். மனிதரல்லாப் பொருள்களின் பன்மைக்கே இவ்விதி உரியது. உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்பைத் தெளிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இவ்விதியின் எல்லை எளிதில் விளங்கும்.

ஆகவே சிவப்பு மையாற் கோடிடுவதோடு ஆசிரியர் பணி முடிந்துவிடாது. பிழையான தொடரின் அருகே அதற்குரிய தமிழ்த் தொடரையும் எழுதி, இரண்டும் எங்கே ஒக்கின்றன, எங்கே பிரிகின்றன என்று காட்டுதல் வேண்டும். அதற்குத் தமிழ் இலக்கணமும் பிள்ளைக்குத் தெளிவாகக் கற்பிக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது.