சன்னலோரக் கொடியும் நமது கடமையும்

ஊராட்சி மன்ற அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

பசிபிக் மாகடலின் மூரேயா தீவிலே தோன்றிய மணி பிளாண்ட் கொடி, இன்று நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் கண்ணாடிப் புட்டிகளில் வளர்கிறது. கணு நீரில் மூழ்குமாறு ஒரு துண்டை வைத்தால் வேர்விடும்; நேர்வெயில் படாத வெளிச்சமே அதற்குப் போதும்.

ஆயினும், தேங்கிய அந்நீரிலே டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும். ஆகையால் வாரந்தவறாது நீரை மாற்றுவோம். புட்டியில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் பிழைத்திருக்குமாதலால், உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுவோம். மண்தொட்டியில் நடுவது அதனினும் நன்று.

இலையைத் தின்றால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைப்போம்.

ஊருக்குச் சுகாதாரம் உரைக்கும் நாம், முதலில் நமது அலுவலகச் சன்னலைக் கவனிப்போமாக!