சிகிச்சைக்கு வராத குடும்பங்கள்



காய்ச்சல் கண்ட குழந்தையைத் தாய் இடுப்பில் சுமந்தேனும் மருத்துவரிடம் கொண்டு சேர்த்துவிடுவாள். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போக மறுக்கிறான். தீய கூட்டுறவில் விழுந்து போதைப் பொருளைத் தொடுகிறான் என்றால், அவனை யார் அழைத்துச் செல்வது? இதற்கும் சிகிச்சை உண்டு. நாளும் நேரமும் குறிக்கப்படுகின்றன. ஆயினும் அந்நாளில் பல குடும்பங்கள் வருவதேயில்லை. வராதவர்க்கு எந்தச் சிகிச்சையும் பயன்படாது அல்லவா? இந்த ‘வராமை’ ஏன் நேர்கிறது என்று அமெரிக்க நாட்டின் மயாமி நகரில் ஆராய்ந்து கண்டவற்றை இன்று நாம் சிந்திப்போம்.

தென் அமெரிக்கா, மெக்சிகோ, கியூபா முதலிய நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களையும் அவர்தம் வழிவந்தோரையும் லத்தீனோ மக்கள் என்பர். 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, இவர்களையும் ஏனைய ஸ்பானிய மரபினரையும் சேர்த்து 6 கோடியே 21 லட்சம் பேர். கியூபாவில் 1959-இல் புரட்சி வெற்றி பெற்றபின், லட்சக்கணக்கானோர் கடல் கடந்து மயாமியில் குடியேறினர். பெற்றோர் நாடு விட்டு வந்தாலும் மொழியையும் வழக்கத்தையும் விடவில்லை. பிள்ளைகளோ பள்ளியில் ஆங்கிலம் பயின்று, சில ஆண்டுகளிலேயே அமெரிக்க நடையுடை பாவனைகளைக் கைக்கொண்டனர். தலைமுறைகளுக்கிடையே எங்கும் உள்ள இடைவெளியோடு பண்பாட்டு இடைவெளியும் சேர்ந்துகொண்டது. மயாமிப் பல்கலைக்கழகத்தில் ஹோஸே சப்போச்னிக் என்ற உளவியலறிஞரும் அவர் துணைவர்களும் 1970-களிலிருந்து இக்குடும்பங்களோடு பழகி ஆராய்ந்தனர்.

சிகிச்சைக்கு வராமைக்குப் புறக் காரணங்கள் பல உண்டு. கூலி வேலையை விட்டு வர முடியாமை, பணமின்மை, மருத்துவரின் மொழி புரியாமை, குடியேற்றப் பத்திரங்களைப் பற்றிய அச்சம் ஆகியவற்றை எவரும் எளிதில் ஊகிக்கலாம். ஆனால் இவை மட்டும் காரணமாயின், கட்டணத்தைக் குறைத்து, ஸ்பானிய மொழி பேசும் மருத்துவரை அமர்த்தினால் எல்லாரும் வந்துவிட வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஆகவே அறிஞர்கள் குடும்பத்தின் உள்ளமைப்பை நோக்கினர்.

அங்கே நான்கு வகையான தடைகளை அவர்கள் கண்டனர். முதலாவது, வீட்டில் அதிகாரம் பிள்ளையின் கைக்குப் போய்விட்ட நிலை. அவன் ‘வரமாட்டேன்’ என்றால் பெற்றோர் அடங்கிவிடுவர். இரண்டாவது, உதவி கேட்டு வந்த தாயே தடையாக நிற்பது. பிள்ளையைப் பற்றி முறையிடுவாள். மறுகணமே அவனுக்குப் பரிந்து பேசி, இன்று அவனுக்கு உடம்பு சரியில்லை, நாளை பார்க்கலாம் என்பாள். மூன்றாவது, ஒதுங்கி நிற்கும் தந்தை. ‘அது உன் பாடு’ என்று மனைவியிடம் விட்டுவிடுவார். நான்காவது, வீட்டு இரகசியம் வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம்.

லத்தீனோ மக்கள் குடும்பப் பற்றை உயர்ந்த அறமாகப் போற்றுகின்றனர். ‘ஃபமிலிஸ்மோ’ என்பது அப்பற்றைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். வீட்டுச் சங்கதி வீட்டுக்குள்ளேயே தீர வேண்டும் என்ற எண்ணம் இப்பற்றிலிருந்து பிறக்கும்போது அது சிகிச்சைக்குத் தடையாகிறது. பிள்ளைக்காக எதையும் செய்யலாம் என்ற துணிவு அதே பற்றிலிருந்து பிறக்கும்போது, அது சிகிச்சைக்குத் துணையாகிறது. எனவே பற்றைக் குறை கூறிப் பயனில்லை; அதைத் திசை திருப்புவதே அறிவுடைமை.

மயாமி அறிஞர்கள் செய்தது இதுவே. தாய் முதன்முதல் தொலைபேசியில் அழைக்கும்போதே சிகிச்சை தொடங்கிவிட்டதாக அவர்கள் கருதினர். வீட்டில் யார் யார் உளர், யார் வர மறுக்கிறார், யார் சொன்னால் அவர் கேட்பார் என்று விசாரித்தனர். மறுப்பவரோடு, தாயின் இசைவு பெற்று, தாமே பேசினர்; வேண்டுமாயின் வீடு தேடியும் சென்றனர். தந்தையிடம், ‘உங்கள் மகனை நீங்கள் அறிந்த அளவு நாங்கள் அறியோம்’ என்ற பாங்கில், அவர் மதிப்புக் குன்றாமல் உரையாடினர்.

இதன் பலன் 1988-இல் வெளியான ஆராய்ச்சியில் தெரிந்தது. 108 குடும்பங்களை இரு பிரிவாக்கினர். வழக்கமான முறையில் அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 குடும்பங்களே சிகிச்சையில் சேர்ந்தன. புதிய முறையில் 93 சேர்ந்தன. சிகிச்சையை இறுதிவரை முடித்தவை முன்னதில் நூற்றுக்கு 25, பின்னதில் 77. பின்னர் 193 குடும்பங்களைக் கொண்டு நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் புதிய முறையே மேம்பட்டு நின்றது. ஆனால் கியூபக் குடும்பங்களில் அதன் பலன் பிற லத்தீனோக் குடும்பங்களில் கண்டதைவிடக் குறைவாயிருந்தது. ஒரே மொழி பேசுவோர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதும் இதனால் விளங்கும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றோர் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளனாகக் கொள்வதுண்டு. பிள்ளை தன் குற்றத்தைத் தானே மொழிபெயர்த்துச் சொல்லும் நிலையில், மருத்துவர் கூறியது எவ்வளவு தந்தையின் செவிக்கு எட்டும்? தந்தையின் சொல்லுக்கு வீட்டில் மதிப்புத்தான் எங்ஙனம் நிலைக்கும்?

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இந்த நிலை புதிதன்று. நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக ஊர்மொழி பேசுகின்றனர். கடைக்கும் அலுவலகத்துக்கும் அவர்களே நமக்கு வாயாக இருக்கின்றனர். அதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பிள்ளையின் மனக்கலக்கத்துக்கு வழி தேடும் நாளில் அவனை மொழிபெயர்ப்பாளனாக்குதல் தகாது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம். அந்த முதல் அழைப்பைத் தாய் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. தந்தையும் உடன் அமர்ந்து பேசினால், பாதி வழி கடந்ததாகும்.