சுவர் இடிந்த ஊரில் ஒரு மாணவர்



பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் காரியமாயிற்றே, பள்ளிக்கூடத்துக்கு ஏது பட்டமளிப்பு விழா என்று கேட்டுப் புன்னகைப்பவர்கள் உண்டு. ஆனால், நெல்லைச் சீமையில் தாயார் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையைக் கத்தரித்து, தூளை இட்டுச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்டிப் பீடி சுற்றிய கூலியில், அதுவும் கடைக்காரர் சரியில்லையென்று கழித்துப் போட்டது போக எஞ்சிய கூலியில், படிக்க வைத்த வீடுகளிலிருந்து, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்து வருகிற பிள்ளைக்கு அங்கி அணிவித்து மேடையேற்றுவதில் மிகையானது ஒன்றும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். செல்வங்களே, மாலையில் தாயாருக்கு நூல் கட்டிக் கொடுத்துவிட்டு, இரவில் புத்தகத்தை விரித்த பெண்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். 600-க்கு நீங்கள் பெற்ற மதிப்பெண்ணில் அந்தத் தாய்மாருடைய விரல்களுக்கும் ஒரு பங்கு உண்டென்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.

பாடத்தில் முதன்மை பெற்றவர்கள், ஓட்டத்திலும் கபடியிலும் பரிசு பெற்றவர்கள், பேச்சுப் போட்டியில் கேடயம் கொண்டுவந்தவர்கள் எல்லோரையும் மனமாரப் பாராட்டுகிறேன். அந்தப் பட்டியலை ஆண்டறிக்கையில் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் விரிவாகவே வாசித்துவிட்டபடியால், எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தை, நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்திருந்தும் நம் பிள்ளைகள் அதிகம் அறியாத ஒரு வரலாற்றுக்குச் செலவிட விரும்புகிறேன்.

வடக்கன்குளம் என்னும் ஊரை நீங்கள் அறிவீர்கள். மறைசாட்சி தேவசகாயம் அவர்கள் 1745-ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அவ்வூரில் 1872-இல் எழும்பிய தேவாலயத்தின் அமைப்பு விசித்திரமானது. பீடம் ஒன்றே; அதை நோக்கி வந்து சேரும் மண்டபங்களோ கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு. ஒரு சாதியார் ஒரு மண்டபத்திலும் மற்றவர்கள் அடுத்த மண்டபத்திலும் அமர்ந்து, ஒருவரை ஒருவர் காணாமலே ஒரே பூசையைக் காணும்படி இடையிலே சுவர் நின்றது. ஒரே அப்பத்தை உண்பவர்கள் ஒரே உடல் என்று போதிக்கும் மதத்தின் கோயிலுக்குள்ளேயே இப்படியொரு சுவர் நின்றதைச் சொல்வதற்கு, கத்தோலிக்கப் பள்ளியின் மேடையில் நின்று பேசும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்றாலும், பெருமையை மட்டும் சொல்லிச் செல்பவனை வரலாற்றாசிரியன் என்று ஒருவரும் மதிப்பதில்லை. அவ்வூரில் குருவாயிருந்த கௌசானல் அடிகளாரின் காலத்தில், 1910-இல், அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதைத் தங்கள் உரிமையென்று கருதியவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. ஆனால் சுவர் திரும்பி வரவில்லை.

சுவர் இடிந்து முப்பது ஆண்டுகள் சென்றபின், 1940-இல், அதே ஊரிலுள்ள புனித தெரசாள் பள்ளிக்கு ஓர் இளங்குருவானவர் ஆசிரியப் பணிக்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையில் 1913-இல் பிறந்தவர். அங்கே புனித அந்தோணியார் கல்லூரியிலும் பின்பு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றவர். உரோமாபுரி சென்று இறையியலில் உயர்ந்த பட்டம் பெற்றுத் திரும்பியவர். இலத்தீனிலும் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் தேர்ச்சி உள்ளவர். தாய்மொழியாகிய தமிழின் இலக்கியத்தை மட்டும் முறையாகக் கற்க அவருக்கு வாய்க்கவில்லை; அக்காலத்து ஆங்கிலக் கல்வி பலரை அப்படித்தான் உருவாக்கிற்று. வேறொருவராயிருந்தால், பதவியும் பட்டமும் கையில் இருக்க, இந்தக் குறையை எவரும் அறியாதபடி மூடி மறைத்துக் காலத்தைக் கழித்திருக்கலாம். அவரோ, அதே பள்ளியின் தமிழாசிரியர் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் சென்று, எனக்குத் தமிழ் கற்பியுங்கள் என்று கேட்டுக்கொண்டு, ஆண்டுக்கணக்காகப் பாடம் கேட்டார். வெள்ளங்கி அணிந்த கத்தோலிக்கக் குரு, ஓர் ஐயரை ஆசானாக ஏற்றுச் சங்க நூல்களை அவர் முன்னிலையில் விரித்து அமர்ந்த அந்தக் காட்சியை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் உடன் வழிபடுவோருக்கு நடுவிலேயே சுவர் வேண்டுமென்று வழக்காடிய ஊர் அல்லவா அது!

அவர்தாம் தனிநாயகம் அடிகள். அங்கிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று, தம்மினும் வயதில் இளையவர்களோடு மீண்டும் மாணவராய் அமர்ந்து, தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1952-இல் தமிழ்ப் பண்பாட்டை உலகறியச் செய்யும் பொருட்டு ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். 1964-இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாவதற்கும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கும் அவரே மூலகாரணமாக இருந்தார். இவையெல்லாம் நூல்களில் இடம்பெற்றுள்ளன. அவருக்குப் பாடம் சொன்ன பண்டிதரைப் பற்றி எழுதப்பட்டிருப்பதோ மிகச் சொற்பம்; ஒரு கிராமத்துப் பள்ளியின் தமிழய்யா, தம் பாட வேளைகள் போக எஞ்சிய நேரத்தில், வருகைப் பதிவேட்டில் இடம்பெறாத ஒரு மாணவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்துக்குச் சான்றிதழும் இல்லை, கேடயமும் இல்லை.

செல்வங்களே, ஜூன் மாதத்தில் நீங்கள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் போய்விடுவீர்கள். விடுதியில் முதல் வாரமே, எந்த ஊர், என்ன ஆள்கள் என்று விசாரித்து, அதற்கேற்ப உங்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள ஒரு கூட்டம் காத்திருக்கும். உணவு மேசையில் யார் எங்கே அமர்வது என்பதை ஒருவரும் எழுதி வைத்திராமலே எல்லாரும் அனுசரிப்பதைக் காண்பீர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லாத சுவரை இடிப்பதற்குக் கடப்பாரையும் உதவாது, நீதிமன்றத் தீர்ப்பும் போதாது. எந்த மேசையில் உங்களுக்கு இடமில்லையென்று தோன்றுகிறதோ, அல்லது எந்த மேசைக்குப் போகாதே என்று உங்கள் கூட்டத்தார் தடுக்கிறார்களோ, அங்கே தட்டை எடுத்துக்கொண்டு போய் அமருங்கள். உங்களுக்குத் தெரியாத பாடம் எவருக்குத் தெரியுமோ, அவர் எந்த வீட்டிலிருந்து வந்தவராயினும், உங்களுக்கு இளையவராயினும், அவரிடம் வெட்கமின்றிக் கேளுங்கள்.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு. இது அவையோர் அனைவருக்கும். பரிசளிப்பு மேடைகளில் முதல் மூன்று பெயர்களுக்கு மண்டபம் அதிரக் கைதட்டிவிட்டு, நாற்பதாவது பெயர் வாசிக்கப்படும்போது நாம் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். இங்கே கடைசிப் பெயருக்குரிய பிள்ளையும், இரண்டு பேருந்து மாறி வந்து எங்கோ பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் பெற்றோரும், முதற்பெயர்க்காரருக்கு ஒலித்த அதே ஓசையை எதிர்பார்த்துத்தான் காத்திருக்கிறார்கள். அருட்சகோதரி அவர்கள் பட்டியலோடு எழுந்து நிற்பதைக் காண்கிறேன், பெயர்களை வாசிக்கலாம்.